ஒன்றாம் எண் பச்சை

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, அந்த ஐந்தாம் மாடி வீட்டின் ஹாலில் படத்தை மாட்டினார்கள். ஒன்பது நாற்பத்தைந்துக்குள் பெயின்டர் திருடனாகிவிட்டான்.

"நல்ல பெயின்ட்டை வேற எங்கயோ தள்ளிட்டு மட்டமானதை அடிச்சிருக்கான்" என்றார் வீட்டுக்காரர். அவர் கணக்கு வாத்தியார். எதையும் நிரூபிக்காமல் சொல்ல மாட்டார். நிரூபித்துவிட்டால் கடவுளே வந்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டார்.

படம் ஒன்றும் பெரியதல்ல. ஒரு மர நாற்காலி, அதன் முதுகில் தொங்கும் பச்சைச் சால்வை, பின்னால் ஒரு ஜன்னல். வாத்தியாரின் மனைவி நர்ஸ். ஆறு வருடத்துக்கு முன் அவள் கவனிப்பில் இருந்த ஒரு ஓவியர், படுக்கையில் சாய்ந்தபடியே அவளுடைய சால்வையை அட்டையில் வரைந்து அவளுக்கே கொடுத்திருந்தார். போன வருடம் அவர் காலமானார். உயிரோடு இருந்தபோது திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் இப்போது அவர் படங்களைத் தேடி அலைகிறார்கள். நர்ஸ் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. புது வீட்டில் சோபா, விளக்கு, தரை எல்லாவற்றையும் மற்றவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஹாலில் ஒரு சுவர் மட்டும் அந்தச் சால்வையின் பச்சையில் இருக்க வேண்டும்.

இப்போது சுவரும் ஒரு பச்சை, சால்வையும் ஒரு பச்சை. ஆனால் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

பெயின்டர் தன் அக்காவுக்கு போன் போட்டான்.

அக்கா பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் மெஷினில் பதினெட்டு வருடமாக நிற்கிறாள். அந்த வட்டாரத்துக்கே அவள் 'கலரக்கா'. மூன்று வாரத்துக்கு முன் அந்தப் படத்தைக் கடையில் பார்த்து, இந்தச் சுவரின் பச்சையைக் கலந்ததும் அவள்தான். பத்து இருபதுக்கு லிஃப்டிலிருந்து வெளியே வந்தவள், தம்பியை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"டேய், எங்கிட்ட பொய் சொல்லாத. தண்ணி ஊத்தினியா?"

"இல்லக்கா."

"வேற டப்பா எதுவும் கலந்துச்சா?"

"நீ குடுத்த அதே டப்பாதான். மூடிகூட இருக்கு, பாரு." அவன் மூடியை நீட்டினான். "பன்னெண்டு மணிக்கு, எனக்கு வேலை குடுத்த இன்ஜினீயர்கிட்ட பேசறேங்கறார் வாத்தியார். இந்தக் கட்டடத்துல இன்னும் பதினோரு வீடு இருக்குக்கா. அத்தனையும் போயிடும். கலரை மாத்தி ஏமாத்தறவன்னு பேர் வந்துட்டா அப்புறம் எவன் கூப்பிடுவான்?"

தம்பி என்பதற்காகக் கலரக்கா நம்பிவிடவில்லை. டப்பா மூடியில் காய்ந்திருந்த சொட்டைச் சுவரோடு வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றே. அப்படியானால் தம்பி அடித்தது அவள் கொடுத்ததைத்தான். தப்பு நடந்திருந்தால் அது அவள் மெஷினில் நடந்திருக்க வேண்டும்.

ஹாலில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நர்ஸ், வீட்டு அலங்காரத்துக்கு அமர்த்தியிருந்த டிசைனர் பெண், வாத்தியாரின் அண்ணன். அண்ணனை அந்த வீட்டில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். அன்று காலை படத்தைக் காரில் கொண்டுவந்தவர் அவர்தான். கூடவே தன் பரிசாக ஒரு ஜன்னல் திரையும் வாங்கிவந்து, தானே ஸ்டூலில் ஏறி மாட்டியிருந்தார். திரையும் பச்சை.

வாத்தியார் அதைத்தான் சாட்சிக்கு அழைத்தார். "பாரும்மா. படம் ஒரு பச்சை. திரை அதே பச்சை. சுவர் மட்டும் வெளுத்துக் கெடக்கு. மூணுல ரெண்டு ஒத்துப்போகுது. தப்பு எதுல?"

"விடு தம்பி" என்றார் பெரியவர், வாத்தியாரின் தோளைத் தொட்டு. "பாவம், உழைச்சுச் சாப்பிடற ஆளு. சுவரைப் படத்துக்குத் தகுந்த மாதிரி மாத்தி அடிச்சிடுவோம். செலவு என்னோடது. இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்."

பெயின்டர் கண்கலங்கிக் கும்பிட்டான். கலரக்காவுக்கும் மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் அவள் நர்ஸிடம் திரும்பினாள்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க? சுவர் தப்புங்கறீங்களா?"

நர்ஸ் படத்தையும் சுவரையும் பார்த்தாள். "நான் அப்படிச் சொல்லலியே. ரெண்டும் சேரலன்னுதான் சொன்னேன். சுவர் தப்புன்னது அவரு."

"ஒரு வேளை படம் வெளுத்திருக்குமோ?" என்றாள் டிசைனர்.

"வெளுத்தா வெளிறிப் போகும். இது சுவரைவிடக் கருப்பால்ல இருக்கு? மூணு வாரத்துல எந்தப் படமும் கருக்காது." கலரக்கா படத்துக்கு அருகில் போய் நின்றாள். "எங்க கடைக்குக் கொண்டாந்தப்புறம் இது எங்கெங்க இருந்துச்சு?"

"ரெண்டு வாரம் அவங்க பழைய வீட்டுல" என்றாள் டிசைனர். "இந்தத் திங்கக்கிழமை என் ஸ்டுடியோவுக்கு வந்துச்சு. பழைய ஃபிரேமைக் கழட்டிப் புதுசு போட்டேன். நேத்து சாயங்காலம் பெரியவர் வந்து எடுத்துக்கிட்டார்."

"நேத்தே இங்க வரலியே?"

"லிஃப்ட் ரிப்பேரும்மா" என்றார் பெரியவர். "அஞ்சு மாடி தூக்கிட்டு ஏற முடியுமா? ராத்திரி என் வீட்டுல வெச்சிருந்து காலையில கொண்டாந்தேன்."

"திரை எப்ப வாங்கினீங்க?"

"அது உங்க கடைக்கு வந்த அன்னைக்கே வாங்கியாச்சு. ஏன்?"

"சும்மா கேட்டேன். நல்ல துணி."

பத்து ஐம்பது. கலரக்கா வாத்தியாரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வரை யாரும் சுவரைத் தொடக் கூடாது. படத்தையும் தொடக் கூடாது.

பதினொன்று பத்துக்குக் கடையில் தன் ஃபைலை விரித்தாள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதிரி நிறத்தை ஒரு சின்ன அட்டையில் தடவி, குறுக்கே வெட்டி, பாதியை வந்தவரிடம் கொடுப்பாள். மீதிப் பாதியின் பின்னால் எண்ணும் நேரமும் எழுதி ஃபைலில் சொருகுவாள். சண்டைக்கு வரும் வாடிக்கையாளர்களைச் சமாளிக்கக் கற்றுக்கொண்ட வித்தை அது.

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்தத் திங்கட்கிழமையின் பக்கத்தில் இரண்டு பாதி அட்டைகள் இருந்தன.

இரண்டாம் எண், பதினொன்று முப்பத்தைந்து. பின்னால் நர்ஸின் கையெழுத்து. இதைத்தான் அவள் படத்தின் சால்வை மேலேயே வைத்துப் பார்த்து, 'இதுதான்' என்று சிரித்தாள். டப்பா கலந்தது இந்த எண்ணுக்கு. மெஷின் தப்பு செய்யவில்லை. கலரக்கா ஒரு பெருமூச்சு விட்டாள்.

ஒன்றாம் எண், பத்து ஐம்பத்தைந்து. கொஞ்சம் கருத்த பச்சை. பின்னால் அவள் கையெழுத்திலேயே 'கரண்ட் இல்லை' என்று இருந்தது.

அதைப் பார்த்ததும் அந்தக் காலை அப்படியே திரும்பி வந்தது. வாத்தியாருக்கு அன்று பள்ளிக்கூடம். நர்ஸ், டிசைனர், கார் ஓட்டி வந்த பெரியவர் என்று மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். பெரியவர் கவுன்டரில் படத்தை நிமிர்த்தி வைத்து, நேராக நின்று போனில் நாலைந்து படம் பிடித்தார். ஒன்றாம் எண்ணைத் தடவியபோது ஈரத்தில் அது சால்வையேதான். எல்லோரும் கை தட்டாத குறை. வழக்கமாக அவள் ஹேர் டிரையரால் காயவைத்துப் பார்த்துத்தான் கொடுப்பாள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. திரைத் துணி பார்க்க வேண்டும் என்று சொல்லி, பெரியவர் ஒரு பாதியை ஈரத்தோடு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அரை மணி கழித்து கரண்ட் வந்தது. மீதிப் பாதியைக் காயவைத்தபோதுதான் அது ஒரு படி கருத்தது. அதைச் சரிசெய்து பிறந்ததுதான் இரண்டாம் எண். மாற்றிய விஷயத்தைப் பெரியவரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோருமே நினைத்தார்கள். அதனால் ஒருவரும் சொல்லவில்லை.

கலரக்கா இரண்டு பாதிகளையும் பர்ஸில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

பதினொன்று ஐம்பது. ஹாலில் யாரும் உட்காரவில்லை. வாத்தியார் கையில் போனோடு நின்றார்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு சார்" என்றாள் கலரக்கா. "ஜன்னலை நல்லா திறங்க. பகல் வெளிச்சம்தான் பொய் சொல்லாது."

இரண்டாம் எண்ணைச் சுவரில் வைத்தாள். அட்டை காணாமல் போனது. ஓரத்து நிழல் மட்டும் இல்லாவிட்டால் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

"இது அன்னைக்குப் படத்தோட சால்வை மேல வெச்சு, அம்மா கையெழுத்துப் போட்ட அட்டை. சுவர் இதுதான். அப்ப சுவர் சரி, என் தம்பி சரி."

"அப்ப படம்?" என்றார் வாத்தியார்.

அவள் ஒன்றாம் எண்ணை எடுத்துப் படத்தின் சால்வை மேல் வைத்தாள். அதுவும் காணாமல் போனது. பிறகு நாலடி நடந்து அதே அட்டையைத் திரையில் வைத்தாள். துணிக்கும் அட்டைக்கும் வித்தியாசம் சொல்லக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

"மூணுல ரெண்டு ஒத்துப்போகுதுன்னீங்க. சரிதான் சார். ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க ஒத்துத்தானே போகும்? திரையும் படமும் இந்த ஒன்னாம் நம்பர் அட்டையைப் பாத்துப் பொறந்தது. இது நான் தப்புன்னு ஒதுக்கின கலர். அசல் படத்துல இந்தக் கலரே கிடையாது. இங்க தொங்கறது நகல்."

டிசைனர் பின்வாங்கினாள். எல்லோர் கண்ணும் அவள் மேல்தான் போனது. நாலு நாள் படம் அவளிடம்தானே இருந்தது?

"இல்ல, அவங்க இல்ல" என்றாள் கலரக்கா. "அவங்க கையில அசலே இருந்துச்சு. அதைப் பக்கத்துல வெச்சு வரைஞ்சா கலர் ஏன் தப்பப் போகுது? அதோட, ரெண்டாம் நம்பர் வர்ற வரைக்கும் அவங்க கடையிலதான் இருந்தாங்க. ஒன்னாம் நம்பர் தப்புன்னு தெரியாத ஆள் ஒருத்தர்தான். கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே கிளம்பினவரு. போன்ல எடுத்த படத்துல உருவம் சரியா வரும், கலர் வராது. கலருக்குன்னு ஒரு துண்டு தேவைப்பட்டுச்சு. திரை வாங்கணும்னு சொல்லி அதை வாங்கினாரு. சொல்லிட்டதால திரையையும் வாங்கியே ஆகணும். யாரையோ வெச்சு நகலை வரைஞ்சு, நேத்து ராத்திரி ஃபிரேமுக்குள்ள மாத்தி வெச்சாச்சு."

பெரியவர் சிரிக்கப் பார்த்தார். "ஏம்மா, நான்தானே உன் தம்பிக்காகப் பேசினேன்?"

"நீங்க மட்டும்தாங்க பேசினீங்க. சுவரை இன்னைக்கே மாத்தணும்னு அவசரப்பட்டதும் நீங்க ஒருத்தர்தான். சுவர் மாறிட்டா அப்புறம் இந்தப் படத்தைக் காட்டிக்குடுக்க இந்த வீட்டுல ஒன்னுமே இருக்காது." அவள் கையை நீட்டினாள். "உங்க பாதி அட்டை எங்க?"

"அது எங்கயோ தொலைஞ்சு போச்சு."

"ஒரு நிமிஷம்" என்றாள் நர்ஸ். அதுவரை சுவரோரமாக நின்றிருந்தவள், படத்தைக் கழற்றிக் கவிழ்த்து, பின்பக்கத் தாளைக் கிழித்தாள். உள்ளே படத்தின் பின்பக்கம் ஒரு எழுத்துகூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது.

"பின்னாடி பென்சில்ல ஏதோ நம்பரெல்லாம் இருந்துச்சே!" என்றாள் டிசைனர். "நூத்தி ஒன்னு, நூறுன்னு. நான்தானே தாள் ஒட்டினேன், பாத்தேன்."

"படம் வரைஞ்சவருக்கு ஜுரம் பாத்து நான் எழுதினது" என்றாள் நர்ஸ். "எழுத வேற பேப்பர் கெடைக்கல."

வாத்தியார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சோபாவில் உட்கார்ந்தார். பர்ஸைத் திறந்து பாதி அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். வெட்டின ஓரம் கலரக்காவின் ஓரத்தோடு பிசகில்லாமல் சேர்ந்தது.

"இன்னும் விக்கல" என்றார் பெரியவர், யார் முகத்தையும் பார்க்காமல். "வீட்டு அலமாரியிலதான் இருக்கு. புதன்கிழமை ஆள் வர்றதா இருந்துச்சு." பிறகு திடீரென்று குரல் உயர்ந்தது. "அதோட விலை என்னன்னு தெரியுமா உங்களுக்கு? இதே மாதிரி இன்னொரு வீடே வாங்கலாம். அதைப் போய் ஹால்ல ஆணியடிச்சு மாட்டறீங்க. அருமை தெரியாத இடத்துல இருந்து என்ன பிரயோஜனம்?"

"தெரியும் அத்தான்" என்றாள் நர்ஸ் பெரியவரைப் பார்த்து.

வாத்தியார் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"கேலரியில இருந்து ரெண்டு தடவை லெட்டர் வந்துச்சு. விலையையும் எழுதியிருந்தாங்க. படிச்சிட்டுத்தான் சுவருக்கு இந்தக் கலர் கேட்டேன்."

வாத்தியார் சொல்ல வேண்டியது இனி போனில்தான் இருந்தது. சரியாகப் பன்னிரண்டுக்கு இன்ஜினீயரே கூப்பிட்டார்.

"சுவர் சரியா இருக்கு சார்" என்றார் வாத்தியார். "நான்தான் கணக்குல தப்பு பண்ணிட்டேன். மத்த வீடுகளையும் இவரே அடிக்கட்டும்."

பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு, அண்ணனை முன்னால் நடக்கவிட்டு, அசலைக் கொண்டுவரப் போனார். பெயின்டர் யாரும் சொல்லாமலே ஸ்டூலில் ஏறித் திரையைக் கழற்றினான். கலரக்கா ஒன்றாம் எண்ணின் இரண்டு பாதிகளையும் சேர்த்து, பின்னால் பென்சிலால் நேரம் எழுதினாள்.

நர்ஸ் காலியான ஆணிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள்.

"காஞ்சிடுச்சா?"

"நேத்தே காஞ்சிடுச்சும்மா" என்றான் பெயின்டர். "தாராளமா தொடுங்க."