மோகனப்பிரியா வீட்டுக்காரர்

சளக்!

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்தின் ஓரத்தில் குளம் கட்டி நின்ற மழைத்தண்ணீர் மொத்தமும் ஷைலாவின் வெள்ளைச் சுடிதார் மேல் ஏறியது. புதுசு. அன்றைக்குத்தான் முதல் தடவையாக உடுத்தியிருந்தாள்.

"யோவ்! கண்ண எங்க வச்சிக்கிட்டு ஓட்டுற?"

பத்தடி தள்ளிப் போன பைக் நின்றது. உருட்டிக்கொண்டே திரும்பி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"சாரிங்க... பள்ளம் தெரில. தண்ணி மூடிகினு கீது."

"பள்ளம் தெரியல, சரி. இவ்ளோ பெரிய ஆளு நிக்கிறேனே, அதுவுமா தெரியல?"

"அது தெரிஞ்சுது. அதப் பாத்துகினு வந்ததுலதான் பள்ளம் தெரில..."

சொன்ன பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஷைலாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவனுடைய இடது புருவத்தை மட்டும் அவள் பார்க்காமல் இருந்திருந்தால் வந்தும் இருக்கும்.

அவளுக்கு அது தொழில் தோஷம். யாரைப் பார்த்தாலும் முதலில் புருவம், அப்புறம்தான் மற்றதெல்லாம். உதிர்ந்துபோன புருவத்துக்கு, ஊசிமுனைக் கருவியால் தோலில் முடி முடியாக வண்ணக் கோடு இழுத்து, இரண்டு வருஷம் அழியாத புருவம் வரைவதுதான் அவள் வேலை. இவனுடைய இடது புருவத்தின் வால் பக்கம் சின்னதாக ஒரு வெட்டு. மழைத்துளி ஒன்று அந்த இடைவெளியில் புகுந்து கண்ணோரமாக இறங்கியது. நாலு கோடு போட்டால் அடைத்துவிடலாம் என்று அவள் கை கணக்குப் போட்டது. அடைக்காதே, அழகாக இருக்கிறது என்றது மனசு.

ச்சே... என்ன மனசு இது, நடுரோட்டில்!

"இந்தாங்க, என் மழைக்கோட்டு. மேல போட்டுக்குங்க, சேறு தெரியாது."

"அப்ப நீங்க?"

"நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லேத் ஓட்றவன். இந்தப் புருவத்துலயே இரும்புப் பிசிறு பாஞ்சிருக்கு. மழை இன்னா பண்ணிடும்?"

"எப்படித் திருப்பித் தர்றது?"

கேட்டவளே எதிரே மாடியில் இருந்த தன் கடைப் பலகையைக் காட்டினாள். 'ஷைலா புருவ அழகு நிலையம்' என்று அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"புருவத்துக்குன்னே தனிக் கடையா! மீசைக்கு எந்தக் கடை?"

"மேல வந்து கோட்ட வாங்கிக்கோங்க. வாய மட்டும் கீழயே வச்சிட்டு வாங்க."

சிரித்தான். "பேரு ஜாபஸ்ங்க..." என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனான்.

நாலு நாள் அந்த மழைக்கோட்டு அவள் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. துடைத்தாள், மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மழைக்கோட்டை இஸ்திரி போட முடியாது என்று தெரிந்தும், ஒரு தடவை பெட்டியைச் சூடு பண்ணிப் பார்த்துவிட்டு அணைத்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் வந்தான்... தனியாக இல்லை.

"இவங்க எங்க ஊட்டுக்காரம்மாங்க. பேரு மோகனப்பிரியா. புருவம் போடணும். உங்க நெனப்புதான் வந்துச்சு, இட்டாந்துட்டேன்."

ஊட்டுக்காரம்மா!

ஷைலா சிரித்தாள். வாடிக்கையாளரிடம் சிரிப்பது பழக்கம், அதனால் சிரிக்க முடிந்தது. கண் மட்டும் எல்லாவற்றையும் எண்ணியது. அந்தப் பெண்ணுக்கு மிஞ்சிப்போனால் முப்பத்திரண்டு வயசு. கழுத்தில் தாலி, காலில் மெட்டி, மணிக்கட்டில் கோயில் கயிறு. அவன் கழுத்திலோ சிலுவை டாலர். ஓ... மதம் தாண்டிக் கட்டிக்கொண்டவர்களா! வீட்டையும் சபையையும் எதிர்த்து நின்றிருப்பான். எத்தனை ஆசை இருந்தால் எதிர்த்திருப்பான்... அப்படிப்பட்டவனுக்கு ரோட்டில் நிற்கிறவளைப் பார்த்து என்ன வழிசல்?

"நீ கீழ போய் டீ குடிச்சிட்டு இரு. நான் முடிச்சிட்டு வர்றேன்" என்றாள் மோகனப்பிரியா.

நீ என்று வேறு கூப்பிடுகிறாள்!

அவன் இறங்கிப் போனதும் அந்தப் பெண் நெற்றிவரை இழுத்து மூடியிருந்த துப்பட்டாவை விலக்கினாள். புருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முடிகூட இல்லை.

"புழுவெட்டுங்க. தோல் டாக்டரு இனிமே பரவாது, போட்டுக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டார். ஆறு மாசமா கண்ணாடி பாக்கல நான். அவர் ஒண்ணும் சொல்லமாட்டார். சொல்லாம இருக்கிறார் பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல... அவர் பார்க்கிறப்ப நான் நல்லா இருக்கணும்."

நேரில் நீ, முதுகுக்குப் பின்னால் அவர். இப்படியும் ஒரு கொஞ்சலா என்று ஷைலாவின் வயிறு எரிந்தது.

காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு நாள் பார்த்தாள். மறுநாள் மரத்துப்போகும் க்ரீம் தடவி, மை தோய்த்த நூலால் அளவெடுத்து, உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம். இங்கேதான் அவள் தொழில் அவளைக் காட்டிக்கொடுத்தது. கோணலாகப் போட அவள் கைக்குத் தெரியாது. ஒவ்வொரு கோடும் மெல்லியதாக, வளைவாக, காற்றடித்தால் அசையும் என்பதுபோல வந்து விழுந்தது. முடித்துவிட்டுப் பார்த்தாள். அவள் இதுவரை போட்டதிலேயே அழகான புருவம் அதுதான்... அவனுக்காக அவள் கையாலேயே வரைந்து கொடுத்தது!

மோகனப்பிரியா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"அழாதீங்க, தண்ணி படக்கூடாது" என்றாள் ஷைலா. அதுவும் தொழில்தான்.

அவனைக் கூப்பிட்டு விதிகளை ஒப்பித்தாள். பத்து நாள் தண்ணீர் படக்கூடாது, சோப்பு கூடாது, வெயில் கூடாது, அடுப்பு ஆவியில் நிற்கக்கூடாது. மருந்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். பொருக்கு தட்டினால் பிய்க்கக்கூடாது. தினமும் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

"அவங்க போன் கேமரா ஒடஞ்சு கெடக்கு. என் போன்லேருந்து அனுப்பட்டுமா?"

அவன் எண்ணைக் குறித்துக்கொண்டாள். என்ன பெயர் போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்: 'மோகனப்பிரியா வீட்டுக்காரர்'. மழைக்கோட்டை அவனும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

தினமும் காலை எட்டு மணிக்குப் படம் வந்தது.

'ரெண்டாம் நாள். கருப்பா கீதே, பரவால்லயா?'

'பரவாயில்லை' என்று பதில் போட்டாள். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்ததில் ஓரத்தில் இரண்டு டீ டம்ளர் தெரிந்தது. ஒன்று அவளுக்கு, ஒன்று அவனுக்கு. அன்று முழுக்க ஷைலாவுக்கு டீயே பிடிக்கவில்லை.

'நாலாம் நாள். நேத்து மழை. கொடை புடிச்சே கடைக்கு இட்டுகினு போனேன். ஒரு சொட்டு படல.'

குடை வேறா... ஒரே குடையா, இரண்டு குடையா? கேட்கவா முடியும்!

எட்டாம் நாள் வந்த படத்தில் பொருக்கெல்லாம் உதிர்ந்து, புருவம் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது. 'எல்லாம் போச்சுங்க. அழுவுறாங்க. இன்னா பண்றது?'

இது எல்லோருக்கும் நடப்பதுதான். பொருக்கு விழுந்ததும் புதுத்தோல் வண்ணத்தை மூடிக்கொள்ளும், மூன்றாவது வாரத்தில் நிறம் தானாக மேலே வரும். 'பயப்படாதீங்க' என்று ஒரு வரி போட்டால் போதும். நூறு பேருக்குப் போட்டிருக்கிறாள்.

அன்று போடவில்லை.

அழட்டுமே... அதுதான் துடைக்க ஆள் இருக்கிறதே! இப்படி நினைத்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தும் போனை நிமிர்த்தவில்லை.

மறுநாள் மத்தியானம் மாடிப்படி அதிர்ந்தது. எண்ணெய்க் கறையோடு, வேலை உடுப்போடு, ஜாபஸ் வாசலில் நின்றான்.

"இன்னாங்க நீங்க? நேத்து காலைலேருந்து அக்கா ஒரு வாய் சோறு துன்னல. அழுதுகினே கீறாங்க. ஒரு பதில் போட்டா இன்னா கொறஞ்சா பூடும்?"

"எந்த அக்கா?"

"இன்னாங்க வெளாட்றீங்களா? மோகனா அக்காதான்!"

"பொண்டாட்டிய யாராவது அக்கான்னு கூப்பிடுவாங்களா?"

"பொண்டாட்டியா!" ஜாபஸ் கதவைப் பிடித்துக்கொண்டான். "ஏங்க... அவங்க எங்க ஊட்டுக்காரம்மாங்க! வெள்ளானூர்ல நான் குடியிருக்கிற ஊட்டுக்கு ஓனரு. நான் மாடில வாடகைக்கு கீறேன். அவங்க ஊட்டுக்காரரு ரிசர்வ் போலீஸ்ல, அஸ்ஸாம்ல கீறாரு. அடுத்த மாசம் லீவுல வராரு. அவர் வர்றதுக்குள்ள புருவம் வந்துடணும்னு அக்கா ஆசப்பட்டுச்சு..."

ஷைலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தது அவன் மழைக்கோட்டின் மேல்.

சந்தோஷப்படக்கூட நேரமில்லை. ஒன்றும் செய்யாத ஒரு பெண்ணை ஒரு பகல், ஒரு ராத்திரி அழ வைத்திருக்கிறாள்! கடையைப் பூட்டினாள். அவன் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டு வெள்ளானூருக்குப் போனாள். மோகனப்பிரியாவின் கையைப் பிடித்து உட்கார வைத்து, தன் போனில் இருந்த பழைய வாடிக்கையாளர்களின் எட்டாம் நாள் படத்தையும் முப்பதாம் நாள் படத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"போகலைக்கா, உள்ளதான் இருக்கு. மூணு வாரத்துல வந்துடும். நேத்தே சொல்லியிருக்கணும். என் தப்பு... மன்னிச்சிடுங்க."

மோகனப்பிரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். ஜாபஸ் சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்ததும் கேட்டான்.

"ஏன் பதில் போடல?"

சொல்லிவிடலாம். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும். நடுரோட்டில் பார்த்தவனுக்காக வயிறெரிந்தேன் என்று எந்தப் பெண் சொல்வாள்?

"நெட் இல்ல."

"ரெண்டு டிக்கும் நீலமா மாறுச்சேங்க..." அவன் குரல் இறங்கிவிட்டது. "ஒர்த்தங்க அழுவுற விஷயத்துல பொய் சொல்லாதீங்க. உங்கள நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன்."

பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகும் எட்டு மணிக்குப் படம் வந்தது. அதோடு ஒரு எழுத்துகூட வரவில்லை. மூன்றாவது வாரம் நிறம் மெல்ல மேலே வந்தது, அவள் சொன்னபடியே. ஷைலா ஒவ்வொன்றுக்கும் அந்த நிமிஷமே பதில் போட்டாள். அவன் பார்த்தான், பேசவில்லை. வேறொருத்தியின் புருவத்தைப் பார்த்துப் பார்த்து ஒருத்தி ஏங்கியது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நாற்பதாம் நாள், விட்டுப்போன இடங்களை நிரப்ப மோகனப்பிரியா வந்தாள். கூடவே முறுக்கு மீசையோடு அவள் கணவர். வந்ததிலிருந்து மனைவியின் நெற்றியை விட்டுக் கண்ணை எடுக்காத மனுஷர். ஷைலாவுக்குக் கைகூப்பி, "கல்யாணத்தன்னிக்குப் பார்த்த மாதிரியே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கூச்சத்தோடு வெளியே போய் நின்றுகொண்டார்.

வேலை முடியும்போது ஷைலா மெதுவாகக் கேட்டாள்.

"ஜாபஸ்... வரலையாக்கா?"

"கீழதான் நிக்கிறான். மேல வரமாட்டானாம்." மோகனப்பிரியா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "ஒண்ணு சொல்லட்டா? அன்னிக்கு எனக்குப் புருவம் போடணும்னு அவன் என்னை இழுத்துட்டு வந்ததே பாதி சாக்குதான். மழைக்கோட்ட வாங்கப் போறேன், போறேன்னு நாலு நாளா கிளம்புவான், தனியாப் படியேற வெக்கப்பட்டுத் திரும்பி வந்துடுவான்."

அவர்கள் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மனைவியின் நெற்றியில் ஒரு துளி படாமல் குடையைச் சாய்த்து ஆட்டோவில் ஏற்றினார் கணவர். தான் நனைந்ததை அவர் கவனிக்கவே இல்லை. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஷைலாவுக்கு மறுபடியும் பொறாமை வந்தது. இந்தத் தடவை யார் மேலும் இல்லை, அந்தக் குடை மேல்.

மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

டீக்கடைத் தாழ்வாரத்தில் ஜாபஸ் நின்றிருந்தான்.

"இந்தாங்க, உங்க கோட்டு."

வாங்கிக்கொண்டான். அவள் போகவில்லை.

"நெட் இல்லன்னு சொன்னது பொய்."

"தெரியும்."

"பொறாமை."

"யார் மேல?"

"நான் போட்ட புருவம் மேலேயே..." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "எங்க ஊட்டுக்காரம்மான்னு சொன்னீங்களே, அன்னிலேருந்து. ரெண்டு டீ டம்ளரு, குடை, எல்லாத்து மேலயும். அவங்க அழுதா துடைக்க நீங்க இருக்கீங்களேன்னுதான் பதில் போடல. நான் அவ்ளோ நல்லவ இல்ல ஜாபஸ். ஆனா எனக்கு... எனக்கு உங்கள அந்தப் பள்ளத்துலேருந்தே பிடிச்சிருக்கு."

இடைவெளி விழுந்த அவனுடைய இடது புருவம் மெல்ல உயர்ந்தது.

"அந்தம்மா வாடகை ஊட்டுக்கு ஊட்டுக்காரம்மா," என்றான். "எனக்குன்னு ஒரு ஊட்டுக்காரம்மா இன்னும் வரல. வரீங்களா?"

ஷைலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதில் போடுங்க... ரெண்டு நாள் காக்க வெக்காதீங்க."

"என் போன்ல உங்க பேர் என்னன்னு இருக்கு தெரியுமா?"

எடுத்துக் காட்டினாள். 'மோகனப்பிரியா வீட்டுக்காரர்'. டீக்கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான் அவன்.

"மாத்துங்க மொதல்ல!"

"மாத்துறேன்..."

மழைச்சாரல் விழுந்த திரையைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, முதல் வார்த்தையை மட்டும் ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். இரண்டாவது வார்த்தையைத் தொடவே இல்லை. சேமித்துவிட்டு அவன் பக்கம் திருப்பினாள்.

'வீட்டுக்காரர்' என்று இருந்தது.