இரண்டாவது ஓட்டுநர்

வாலாஜாபாத் தாண்டி ஒரு கடையில் டீ குடித்துவிட்டு வந்து லாரியில் ஏறியபோது தாவீதுக்குக் கிளச் எட்டவில்லை. சீட் பின்னால் போயிருந்தது. நல்ல உயரமான ஆள் ஒருவன் காலை நீட்டி உட்காருகிற அளவுக்குப் போயிருந்தது. தாவீது கட்டை ஆள். காலையில் ஓசூரில் கிளம்பும்போது முன்னால் இழுத்துப் போட்டுத்தான் உட்கார்ந்தான். கதவைப் பூட்டிவிட்டு இறங்கியதும் நினைவிருக்கிறது, சாவியும் சட்டைப் பையில் இருந்தது. லீவர் தேய்ந்து நழுவியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சீட்டை முன்னால் இழுத்தான். உள்கண்ணாடியும் மேலே திரும்பியிருந்தது. அதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று தெரியாமல், பேசாமல் திருப்பி வைத்தான்.

சாயங்காலம்தான், ஆனால் ஐப்பசி மழை வெளிச்சத்தை எப்போதோ தின்று முடித்திருந்தது. எதிரில் வந்த கம்பெனி பஸ்களெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு தண்ணீரைக் கிழித்து வந்தன, வைப்பர் தேய்ந்த ரப்பரோடு முனகிக்கொண்டே போய்ப் போய் வந்தது, கேபினுக்குள் ஈரச் சாக்கும் டீசலும் மிச்சம் வைத்த எலுமிச்சை சாதமும் கலந்து ஒரு புளித்த வாடை அடித்தது. ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே மனைவி அமலா நிற்பாள். வீடு இருக்கிற சேரப்பணஞ்சேரிப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறியிருப்பதால் கம்பெனி பஸ் போகாது என்று மத்தியானமே போன் செய்திருந்தாள். வயிற்றில் பிள்ளை, நாள் முழுக்கக் கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்த கால்கள். நான் வந்து ஏற்றிக்கொள்கிறேன், எங்கேயும் நகராதே என்று சொல்லியிருந்தான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த பிள்ளை. அவளைப் பத்திரமாக வீட்டில் சேர்த்துவிட்டால் போதும், இன்றைக்கு அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

டேஷ்போர்டில் இருந்த பெட்டி பேசியது. "தாவீது, உங்கள் ஓட்டும் நேரம் முடிந்தது. ஓய்வு எடுக்கவும்."

லோடு கொடுக்கிற கம்பெனி, இந்தப் பெட்டி இல்லாத லாரியைக் கேட்டுக்குள்ளேயே விடாது. யார் ஓட்டினான், எவ்வளவு நேரம் ஓட்டினான், எப்போது தூங்கினான் என்று எல்லாவற்றையும் அது பதிந்துகொள்ளும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவனே ஓட்டினால் கத்தும், ஆபீசுக்கும் போட்டுக் கொடுக்கும். நல்ல விதிதான். அதன்படி நடக்க இரண்டு டிரைவர் வேண்டும். லாரி முதலாளி புருஷோத்தமன் இரண்டாவது டிரைவரை வைக்கவில்லை, அவனுக்கு ஒரு கார்டை மட்டும் வைத்தார். பெயர் செந்தமிழன். தாவீதின் நேரம் முடிந்ததும் அந்தக் கார்டைப் பெட்டியிடம் காட்டினால், பெட்டியைப் பொறுத்தவரை செந்தமிழன் ஓட்டுவான், தாவீது பின்னால் திரை போட்ட படுக்கையில் தூங்குவான். மாதக்கணக்கில் இப்படியே ஓடிவிட்டது.

கார்டை எடுத்தான். காட்டுவதற்கு முன்பே பெட்டி சொல்லிவிட்டது.

"செந்தமிழன் வண்டியை ஓட்டுகிறார். தாவீது ஓய்வில் இருக்கிறார்."

தாவீது லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு முதலாளிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, இந்த செந்தமிழன் யாருண்ணே? முன்னாடி நம்ம வண்டி ஓட்டினவனா?"

"இன்னாடா திடீர்னு?"

"செத்துகித்துப் பூட்டானா?"

புருஷோத்தமன் சிரித்தார். "பொறந்தாத்தானடா சாவறதுக்கு. அப்படி ஒரு ஆளே கெடையாது. சும்மா நான் வச்ச பேரு."

"கார்டு காட்டாமலே மாறுதுண்ணே. சீட்டு வேற தானா பின்னாடி போயிருக்குது."

"இரு, கேபின்ல மாட்டின கேமராவுல பாக்குறேன்."

மழை கேபின் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பப் பேசியபோது அவர் குரலில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"எல்லாம் சரியாத்தான கீது. செந்தமிழன் ஓட்டினு கீறாரு. நீ பின்னாடி படுத்துகினு கீற. தூங்காம இன்னாத்துக்குப் போன் பேசினு கீற?"

ஸ்டீயரிங்கில் வைத்த கையை தாவீது பார்த்தான். அவன் கைதான். லாரி நின்றுகொண்டுதான் இருந்தது. போன் வைக்கப்பட்டுவிட்டது.

பயம் அப்போதுதான் வந்தது. தன் கார்டை எடுத்துக் காட்டினான். "தாவீது, உங்கள் ஓய்வு நேரம் முடியவில்லை." மறுபடி காட்டினான். அதே பதில். லாரி எப்படியோ போகட்டும், ஷேர் ஆட்டோ பிடித்தாவது அமலாவிடம் போய்விடலாம் என்று இன்ஜினை அணைத்துவிட்டுக் கதவுக்குக் கையை நீட்டினான். கை பாதியிலேயே கனத்துவிட்டது.

அவன் தூங்கியதாகப் பெட்டி பதிந்து வைத்த ராத்திரியும் பகலும் எத்தனையோ. அதில் ஒன்றிலும் அவன் கண்ணை மூடியதில்லை. கிருஷ்ணகிரி மேட்டிலும் ஆம்பூர் வெயிலிலும் கன்னத்தில் அறைந்துகொண்டு, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தள்ளிப்போட்ட அந்தத் தூக்கமெல்லாம் இப்போது மொத்தமாகத் திரும்பி வந்து, கால்விரலில் தொடங்கி முழங்கால் ஏறி, இடுப்பு ஏறி, கழுத்துவரை வந்து அவனை அழுத்தியது. ஒரு நிமிஷம். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தான். ஒரே ஒரு நிமிஷம்.

கண் திறந்தபோது மல்லாந்து கிடந்தான்.

முகத்துக்கு மேலே கேபின் கூரை. பக்கத்தில் திரை. கீழே படுக்கை.

லாரி ஓடிக்கொண்டிருந்தது.

எழப் பார்த்தான். முடியவில்லை. விரலை அசைக்கப் பார்த்தான். அதுவும் முடியவில்லை. மார்பு சில்லிட்டது. மேலே சட்டை இல்லை. திரை கொஞ்சம் விலகியிருந்த இடத்தில் அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. அதற்குள் ஒரு தோள் இருந்தது. மிக உயரத்தில். கியர் சத்தமே இல்லாமல் மாறியது. அவ்வளவு பதமாகத் தாவீது ஒருநாளும் ஓட்டியதில்லை.

"தாவீது வண்டியை ஓட்டுகிறார்," என்றது பெட்டி. "செந்தமிழன் ஓய்வில் இருக்கிறார்."

ஏசப்பா. ஏசப்பா. உதடு பிரியவில்லை.

லாரி நின்றது. கதவு திறந்து, மழையின் இரைச்சல் உள்ளே வந்தது, பின்னாலேயே அமலாவின் மூச்சு.

"எவ்ளோ நேரமா நிக்கிறேன் தெரியுமா? கால் செத்துப் பூடுச்சு."

"அதான் வந்துட்டேன்ல." தாவீதின் குரல். அவன் வாய் திறக்கவே இல்லை.

"இன்னாங்க, கை இப்படிச் சில்லுனு கீது?"

"மழை."

"பின்னாடி யாரு?"

"ரெண்டாவது டிரைவர். தூங்கட்டும்."

திரை விலகியது. போன் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, அமலா எட்டிப் பார்த்தாள். நான்தான், இறங்கு, ஓடு. எல்லாவற்றையும் கண்ணில் வைத்து அவளையே பார்த்தான். அவள் யாரோ அயலானைப் பார்ப்பதுபோல் கூச்சப்பட்டாள்.

"கண்ணைத் தொறந்துகினே தூங்குறாரு. பாவம்."

கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்து அவன் மார்புவரை போர்த்தினாள். விரல் நுனி பட்டது. சூடாக இருந்தது. பிறகு திரையை முழுவதுமாக இழுத்து மூடினாள்.

இருட்டு.

முதுகுக்கு இந்த ரோடு தெரியும். ஒரு வேகத்தடை. பிறகு பள்ளம். தண்ணீர் சக்கரத்தில் அடிக்கிற சத்தம். சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பிங். இங்கே பிரேக் போட வேண்டும்.

போடவில்லை.

"இன்னாங்க, நம்ம ஸ்டாப்பிங் தாண்டிப் போகுதே."

வைப்பர் முனகிக்கொண்டே போய் வந்தது.

"இன்னாங்க."

கியர் மாறியது. லாரி வேகமெடுத்தது. விளையாடுகிறார் என்று நினைத்தோ என்னவோ அமலா ஒருதரம் சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் கதவுக் கைப்பிடியை இழுக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. பிறகு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.