அருமைநாயகத்தின் சைபர்

செவ்வாய்க் கிரகத்தின் நெடுங்குழிப் பல்கலைக்கழகத்தில், காலையில் பல் தேய்த்ததும் பிள்ளைகள் ஒரு ஜன்னல் முன் வரிசையில் நிற்பார்கள். காதுக்குப் பின்னால் பதித்த சில்லை அங்குள்ள மானியில் ஒட்டினால், ஒருவர் எதை எவ்வளவு நம்புகிறார் என்று நூற்றுக்கு இத்தனை என எண் வரும். அதற்கு நம்பளவு என்று பெயர். எடை பார்ப்பது போலத்தான். வாத்தியார்கள் மட்டும் அந்த வரிசையில் நிற்பதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

முதலாண்டுக்கு அறிவாற்றல் இயல் நடத்தியவர் முனைவர் அருமைநாயகம். மனசு ஓயாமல் ஊகிக்கிற ஒரு கணக்கு என்பார். சான்று வர வர நம்பளவு எவ்வளவு நகர வேண்டும் என்று விதி உண்டு. சைபரில் நிற்பவன் மட்டும் நகரவே மாட்டான். சைபரை எதால் பெருக்கினாலும் சைபர்தான். அந்த வரியைச் சொல்லும்போது அவருக்கு வாயெல்லாம் பல்.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு ஆளைப் பிடித்து, சான்று காட்டி, அவர் நம்பளவு விதிப்படி நகர்வதைக் காட்ட வேண்டும். தங்கபுஷ்பம் தன் அப்பா பொன்னுத்துரையைப் பிடித்தாள். காற்றுக்குழாய் துடைப்பவர், பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். மகளுக்குக் கணக்கு ஏறாது, இந்த வருஷத்தோடு குழாய் வேலைக்கு வந்துவிட வேண்டும் என்று முடிவாக இருந்தார். அவளுக்குக் கணக்கு வரும் என்பதில் அவர் நம்பளவு இரண்டு.

அவர் பொறுப்பில் மூன்று வடிகட்டிகள். எது முதலில் அடைக்கும் என்று வாராவாரம் தூசிக் கணக்குப் போட்டுச் சொன்னாள். கணக்குத் தெரிந்தவள் தவறாமல் சொல்வாள். குருட்டடி என்றால் மூன்றில் ஒன்றுதான் விழும். ஆக, ஒவ்வொரு முறை பலிக்கும்போதும் அவள் பக்கம் மூன்று மடங்காக வேண்டும். நாலு வாரமும் பலித்தது. இரண்டுக்குத் தொண்ணூற்றெட்டு என்று தொடங்கியது, நாலாம் வாரம் நூற்று அறுபத்திரண்டுக்குத் தொண்ணூற்றெட்டு. இரண்டையும் கூட்டினால் இருநூற்று அறுபது; அதில் அவள் பங்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு என்றது அவள் கணக்கு. பொன்னுத்துரை காதை ஒட்டினார். மானியும் அறுபத்திரண்டு என்றது.

அருமைநாயகம் தாளைப் பார்த்துச் சிரித்தார். "படிச்சவங்களே இப்படி நகர மாட்டாங்கம்மா. குழாய் துடைக்கிறவரு மனசு பிசகாம வந்து நிக்குதாக்கும்." எண்ணைத் திருத்தியிருக்கிறாள் என்று எழுதித் தேர்ச்சியில்லை என்று போட்டார்.

மறுநாள் பொன்னுத்துரை வேலைத் தூசியோடு நேரே வகுப்புக்கு வந்துவிட்டார்.

"ஐயா, இவளுக்குக் கணக்கு வராதுன்னு ஊரெல்லாம் சொன்னவன் நாந்தான். நாலு அடைப்பையும் எங்கையாலதான் எடுத்தேன். அதுக்கப்புறமும் வராதுன்னு சொன்னா எனக்குக் கண்ணு இருந்து என்ன? உங்க முன்னாலயே இன்னொரு தடவ பாத்துருவோம்."

அந்த வாரம் அருமைநாயகமே குழாய்க்கூடத்தில் போய் நின்றார். தங்கபுஷ்பம் சொன்ன வடிகட்டிதான் அடைத்தது. கணக்குப்படி எண்பத்து மூன்று வர வேண்டும். பொன்னுத்துரைக்கு எண்பத்து மூன்றே வந்தது.

"இப்ப உங்களது," என்றார் பொன்னுத்துரை.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்ததால் வாத்தியாரால் மறுக்க முடியவில்லை. குழாய் துடைப்பவர் மனசும் விதிப்படி நகரும் என்பதில் அவர் நம்பளவு என்ன என்று கேட்டு, மானியைக் காதில் ஒட்டினார்கள்.

சைபர்.

 மானி பழுது என்றார் அருமைநாயகம். வேறு மானி வந்தது. அதுவும் பழுது என்றார். மூன்றாவதும் பழுதாகத்தான் இருந்தது. போட்ட மதிப்பெண்ணை அவர் மாற்றவில்லை.

பொன்னுத்துரை மகளைக் கூப்பிட்டார். "ஏட்டி, குழாய் வேலையெல்லாம் உனக்கு வேண்டாம். இன்னொரு வருஷம் ஆனாலும் இங்கேயே படி. இவருகிட்டயே படி. சைபர்னா என்னன்னு சொல்லித்தர இவரை விட்டா ஆள் கிடையாது."

நெடுங்குழியில் இன்றைக்கும் பழுதான மானிகளைப் போட ஒரு தனி அறை இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன.