பத்தொன்பதாவது குழாய்

"ஏளா, எத்தனாங்கிளாசோட நின்ன?"

ஆய்வுக்கூடத்துக்குப் போன முதல் நாளே லிங்கராஜ் அண்ணன் கேட்டார். ஆறோடு என்றாள் ஜெப்ஸி. அதன் பிறகு அவர் அவளிடம் எதுவும் கேட்டதில்லை.

அம்மா விடிந்ததும் உப்பளத்துக்குப் போய்விடுவாள். ஜெப்ஸி வீட்டில் தனியாக இருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆனி அக்காதான் தன்னோடு கல்லூரிக்குக் கூட்டி வந்தாள். அக்காவும் லிங்கராஜ் அண்ணனும் அங்கே ஆராய்ச்சி செய்கிறவர்கள்.

சங்கு குளிக்கிறவர்கள் எடுத்துத் தந்த கடல் பஞ்சு ஒன்றின் சாற்றை அக்கா உயரமான கண்ணாடிக் குழலில் ஊற்றியிருந்தாள். குழல் நிறைய வெள்ளைப் பொடி. மேலிருந்து கரைப்பானை விட விட, சாற்றில் கலந்திருந்த பொருள்கள் பிரிந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சொட்டின. முதலில் மஞ்சள், பிறகு பச்சை, கடைசியில் பழுப்பு.

ஜெப்ஸி எதையும் தொடக் கூடாது. கீழே வைத்த சோதனைக் குழாய் நிறைந்ததும் சொன்னால் போதும். அன்று நாற்பது முறை "நிறைஞ்சிட்டு" என்றாள். ஒரு வருடப் பேச்சைப் பேசிவிட்டதாக அக்கா சிரித்தாள்.

மறுநாள், மாதிரிகள் கூரியரில் சென்னைக்குப் போகிற நாள். அங்கே ஒரு கருவி, ஒவ்வொன்றிலும் உள்ள மூலக்கூறின் எடையைச் சொல்லிவிடும். பெட்டியில் பன்னிரண்டு புட்டிகளுக்குத்தான் இடம். நிறமுள்ள குழாய்களிலிருந்து அக்காவுக்குப் பதினொன்று. மிச்ச இடத்தில் லிங்கராஜ் அண்ணனின் சொந்த மாதிரி.

மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே நான்கு குழாய்களில் நிறமே இல்லை. புற ஊதா விளக்கிலும் ஒன்றும் தெரியவில்லை. வெறும் கரைப்பான் என்று சொல்லி அண்ணன் கழிவுக் கேனைத் திறந்தார். கடல் பஞ்சும் தீர்ந்துவிட்டது. காற்றுக்காலம் முடியும்வரை யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். கொட்டினால் கொட்டியதுதான்.

ஜெப்ஸி பத்தொன்பதாவது குழாயைப் பார்த்தாள். நேற்று அதிலிருந்து ஒரு சொட்டு வழிந்து கண்ணாடித் தட்டில் விழுந்தது. காய்ந்த இடத்தில் மெல்லிய வெள்ளை வளையம். வேலை முடிந்து வரும் அம்மாவின் காலில் தினமும் இருப்பதைப் போல.

பேசாமல் இருப்பதுதான் அவள் வழக்கம். ஆனால் அண்ணன் கையில் குழாய் சாயத் தொடங்கிவிட்டது.

"அண்ணே, அத ஊத்தாதீங்க. உப்புத்தண்ணி மாதிரி அதுல என்னமோ இருக்கு."

"உப்பு இதுல கரையாது ஏளா. அதெல்லாம் பெரிய கிளாசுல சொல்லித் தருவாங்க."

"உப்புன்னு சொல்லல. காஞ்ச பெறகு மிஞ்சுதுன்னு சொல்லுதேன்." தட்டைக் காட்டினாள்.

அது கழுவாத தட்டாக இருக்கும் என்றார் அவர்.

"அப்போ புதுத் தட்டுல நாலையும் விட்டுப் பாருங்க."

ஆனி அக்கா அதற்குள் புதுத் தட்டை எடுத்துவிட்டாள். நான்கு சொட்டுகள். மூவரும் குனிந்து நின்றார்கள். மூன்று சொட்டுகள் சுவடில்லாமல் மறைந்தன. பத்தொன்பது மட்டும் வெள்ளை வளையத்தை விட்டுச் சென்றது.

கீழே கூரியர் வண்டி ஹாரன் அடித்தது.

அண்ணன் பெட்டியிலிருந்து தன் புட்டியை எடுத்து மேசையில் வைத்தார். இன்னொரு புட்டியில் பத்தொன்பதை ஊற்றி இறுக மூடினார். பிறகு அந்தப் புட்டியையும் பேனாவையும் ஜெப்ஸியிடம் நீட்டினார்.

அவள் மெதுவாக 19 என்று எழுதிக் காலி இடத்தில் வைத்தாள்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.