பொருத்தனைச் சேவல்

செத்த கோழி ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஸ்ரீவராகம் அக்கிரகாரத்தின் முனையில் எலிசாள் நின்றாள். தெருவுக்குள் வர அவளுக்குத் தயக்கம். ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் நாகேஸ்வரன் தாமே முனைவரை நடந்து வந்தார். அவளை அழைத்து வந்தவன் தங்கையன், மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். நாகேஸ்வரன் துப்புத் துலக்கக் கிளம்பினால் கூடவே போகத் துடிப்பவன். கொல்லம் 1113-ஆம் ஆண்டு அது, இங்கிலீஷ் கணக்கில் 1938.

அவள் சொன்ன கதை இதுதான். நேமம் கிராமத்தில் ஏழு வீடுகளில் கோழிகள் கூண்டோடு செத்துவிட்டன. ஆறு வீடுகள் அவளுடைய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவை. ஏழாவது, சபையைச் சேராத உலகம்மையின் வீடு. சீக்குக் கோழிக்கு சின்ன உள்ளியும் மஞ்சளும் அரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் எடுத்துப்போய், விரலால் வாயில் ஊட்டிவிடுவது எலிசாளின் வழக்கம். யாரிடமும் கைநீட்டி ஒன்றும் வாங்கமாட்டாள். அவள் ஊட்டிய வீடுகளில்தான் சாவு விழுந்திருக்கிறது. அவள் விஷம் வைத்தாள் என்று சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன் சத்தியதாஸ் சொல்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம். சபை நிலத்திலிருக்கும் அவள் குடிசையைப் பிரித்துப் போடப் பேச்சு.

"எனக்க மாப்பிள்ளைய அடக்கம் பண்ணின மண்ணு சாமி அது," என்றாள். "விஷக்காரின்னு பேரும் வாங்கிக்கிட்டு நான் எந்த ஊருல போய் இருப்பேன்?"

தங்கையன் சாக்கைப் பிரித்துப் பார்த்தான். முகம் வீங்கி, கொண்டை கருநீலமாக இருந்தது. அரளி விதைதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டான்.

"சீக்குன்னா அடுத்த வீட்டுக்குத்தானே சாமி தாவும்? இது நடுவுல ரெண்டு வீட்டை விட்டுட்டு மூணாவதுல விழுது. ஆள் பார்த்து வச்சது மாதிரி இருக்கு," என்றான்.

"எனக்குக் கோழியைப் பத்தி ஒண்ணும் தெரியாது ஓய். முட்டையைக்கூடத் தொட்டவனில்லை. நீர் கோழியைப் பாரும், நான் மனுஷாளைப் பார்க்கறேன்," என்றார் நாகேஸ்வரன்.

சனிக்கிழமை வில்வண்டியில் நேமம் போனார்கள். சாவு விழுந்த வீடுகளில் கோழி அடைக்கும் பஞ்சாரங்கள் வெறுமையாகக் கவிழ்ந்து கிடந்தன. சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைகளை ஏலம் விட்டபோது ஆசையாக எடுத்த பெட்டைகூடப் போய்விட்டதே என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். பக்கத்து வீட்டில் கோழிகள் சுகமாகக் கிளறிக்கொண்டிருந்தன. பண்டிகை ஏலத்தில் என்ன எடுத்தீர்கள் என்று நாகேஸ்வரன் அங்கேயும் விசாரித்தார். அந்த வீட்டுக்காரர் உறியில் தொங்கிய பூசணிக்காயைப் பெருமையாகக் காட்டினார். இந்த நேரத்தில் பூசணிக்காய் விசாரணை எதற்கென்று தங்கையனுக்கு எரிச்சலாக வந்தது.

சத்தியதாஸ் மரியாதையாகவே பேசினார். பண்டிகைவரை தம் கோழிகளுக்கு ஒரு குறையும் இல்லை என்றார்.

"அதுல நல்ல சேவலாப் பார்த்து ஒண்ணைப் பொருத்தனையாப் படைச்சேன். பிறகுதான் இவ வந்து ஊட்டினா. எல்லாம் போச்சு."

திரும்பும் வழியில் நாகேஸ்வரன் கேட்டார்: "பொருத்தனைன்னா என்ன ஓய்?"

"ஆபத்து வந்தா கர்த்தருக்கு நேர்ந்துக்கிடுறது சாமி."

"பண்டிகைக்குப் படைக்கறதெல்லாம் பொருத்தனைதானோ?"

"அதெப்படி? விளைஞ்சதுல முதல்ல எடுத்துச் சும்மா படைச்சா முதற்பலன். எங்க வேதக்காரங்கள்ல சின்னப் பிள்ளைகூட மாத்திச் சொல்லாது."

நாகேஸ்வரன் 'பொருத்தனை' என்ற வார்த்தையைத் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய முற்றத்தில் கூட்டம் கூடியது. எலிசாள் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாகேஸ்வரன் சத்தியதாஸின் பக்கம் திரும்பினார்.

"டீக்கனாரே, பண்டிகைக்கு முன்னாடி உங்களைப் பொருத்தனை பண்ண வச்ச ஆபத்து என்ன?"

சத்தியதாஸ் தலைகுனிந்தார். பண்டிகைக்கு முன்பே மூன்று கோழிகள் விழுந்தனவாம். மிச்சமாவது பிழைக்கட்டும் என்று அந்தச் சேவலை நேர்ந்துகொண்டாராம். சீக்குக் கோழியைப் படைத்தார் என்று ஊர் பேசிவிடுமோ என்ற பயத்தில் வெளியே சொல்லவில்லையாம்.

"சேவல் நல்லாத்தான் இருந்துது," என்றார்.

"பார்வைக்கு நன்னா இருந்தது. காணிக்கைக் கோழியெல்லாம் அதோட ஒரே பஞ்சாரத்துல கிடந்தது. ஏலம் எடுத்தவா ஆளுக்கொண்ணா வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் கோழியோட விட்டா. காய்கறி எடுத்தவா வீட்டுல ஒண்ணும் சாகலை. வீடு பார்த்து வந்தது விஷமில்லை, ஏலம். விழுந்த பிறகுதான் இந்த அம்மாவைக் கூப்பிட்டேள்."

தங்கையன் எழுந்தான். அரளி என்று தான் நினைத்தது தப்பு, இது கோழிக் கொள்ளைநோய் என்றான். பிறகு அங்கிருந்த பிள்ளைகளைப் பார்த்து நிதானமாகச் சொன்னான். வெளியிலிருந்து வந்த கோழியைப் பல நாள் தனியே அடைத்து வையுங்கள். ஒரு கூட்டிலிருந்து மறு கூட்டுக்குக் கைகால் கழுவாமல் போகாதீர்கள். சீக்குக் கோழியை விற்கப் பட்டணத்துச் சாலைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். செத்ததைக் கையால் தொடாமல், ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

குடிசையைப் பிரிக்கும் பேச்சு அத்தோடு நின்றது. பெண்கள் எலிசாளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளோ அவர்களை விலக்கிக்கொண்டு நாகேஸ்வரனிடம் வந்தாள்.

"உலகம்மை ஏலத்துக்கே வரல்லியே சாமி. அவ கோழியளுக்குச் சீக்கும் இல்ல. வராம இருக்கட்டும்னு நானாத்தான் போய் ஊட்டினேன்."

அவர் ஒரு பொய் சொல்லிவிடமாட்டாரா என்று தங்கையன் ஏங்கினான். நாகேஸ்வரனின் குரல் தணிந்தது.

"உன் சிரட்டையிலயும் விரல்லயும் போயிருக்கும்மா. நீ விஷம் வைக்கலை. ஆனா அங்கே கொண்டுபோனது உன் கைதான். அன்பாப் போன கை. அதையும் கழுவணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலை."

எலிசாள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு உலகம்மையின் வீட்டை நோக்கி நடந்தாள். சத்தியதாஸ் ஒரு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனார். தங்கையனும் சுண்ணாம்புச் சாக்கைத் தூக்கிக்கொண்டான்.

வாசலுக்கு வந்த உலகம்மையிடம் எலிசாள் ஒன்றையும் மறைக்கவில்லை. உலகம்மையின் மூன்று பிள்ளைகளுக்கும் அந்தக் கோழிகளின் முட்டைகள்தான் ஆதாரமாக இருந்தன. உலகம்மை சட்டென்று திரும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்றே தங்கையன் நினைத்தான்.

அவள் வெந்நீர்ச் செம்போடும் ஒரு பிடி சாம்பலோடும் திரும்பி வந்தாள்.

"கையை நீட்டு," என்றாள்.

கொல்லையில் செத்த கோழிகளுக்குச் சத்தியதாஸ் குழி வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எலிசாள் இரண்டு கைகளையும் நீட்டினாள். உலகம்மை தண்ணீரை ஊற்றினாள்.