போஜலியின் பெயர்

பதினொரு வயதில் துலேஸ்வரி ஒரு பெயரைச் சொல்வதை நிறுத்தினாள். கேமின் என்ற பெயர். அவளுடைய உயிர்த்தோழியின் பெயர்.

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. ஆவணி பிறந்தால் கூடையில் மண் போட்டுக் கோதுமை விதைத்து இருட்டறையில் வைப்போம். வெயில் காணாத முளை மஞ்சளாக எழும். அதுதான் போஜலி. குளத்தில் கூடையைக் கரைக்கும் நாளில் இரண்டு சிறுமிகள் அந்த முளையை ஒருவர் காதில் ஒருவர் செருகிக்கொண்டால் அவர்கள் ஆயுள் முழுக்கத் தோழிகள். அதன்பிறகு ஒருத்தி மற்றவளின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. ‘போஜலி’ என்றுதான் கூப்பிட வேண்டும். தோழியின் அம்மா அவளுக்குப் பூவம்மா.

ராய்ப்பூரிலிருந்து புதிதாக வந்த கணக்கு வாத்தியார் இது தெரியாமல் மாட்டிக்கொண்டார். பக்கத்தில் உட்காரும் பெண் ஏன் வரவில்லை என்று துலேஸ்வரியைக் கேட்டார். போஜலிக்குக் காய்ச்சல் என்றாள். அவள் பெயரென்ன என்றார். போஜலி என்றாள். கேமினின் பெயரைச் சொல்லவைக்க அவர் அரை வகுப்பு நேரம் போராடினார். கடைசியில் வராதவர் பட்டியலில் போஜலி என்றே எழுதிவிட்டு உட்கார்ந்தார்.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் கேமினை அவள் மாமா ராய்ப்பூர் விடுதியில் சேர்த்தார். துலேஸ்வரி ஊர்ப் பள்ளியிலேயே இருந்தாள். பெஞ்சில் பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள். வேறு யாரையும் உட்கார விடவில்லை.

ஆவணியில் போஜலி வருவாள். அதை நம்பித்தான் அவள் கூடையைப் பார்த்துப் பார்த்து வளர்த்தாள். தினமும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். தம்பி அறைக் கதவைத் திறந்து வெளிச்சம் விட்டதற்காக அவனை அடித்தாள்.

கேமின் வந்தாள். விடுதித் தோழிகள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தாள். மூவருக்கும் ஒரே மாதிரி முடிவெட்டு.

குளத்தங்கரையில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். துலேஸ்வரி இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடையைக் கரைத்தாள். நல்ல முளையாக ஒரு பிடி எடுத்துக்கொண்டு, ஈரப்பாவாடை காலில் தட்ட, கரையேறி நேராகத் தோழியிடம் போனாள்.

“சீதாராம், போஜலி” என்று தோழிக்குரிய வணக்கம் சொல்லி முளையை அவள் காதருகே நீட்டினாள்.

கேமின் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். விடுதிப் பெண்களை ஒரு பார்வை பார்த்தாள்.

“அட, துலேஸ்வரி” என்றாள். “எப்படி இருக்கே?”

பாடிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். விடுதிப் பெண்களில் ஒருத்தி, காதில் எதற்குப் புல் என்று கேட்டுச் சிரித்தாள். கேமினும் சிரித்தாள்.

துலேஸ்வரி அவளைத் தனியாக மரத்தடிக்கு இழுத்துப் போய்க் கேட்டாள். தான் செய்த தப்பு என்ன என்று கேட்டாள்.

“நீ ஒண்ணும் பண்ணல” என்றாள் கேமின். “அங்க போனப்புறம் எனக்கு இதெல்லாம் கூச்சமா இருக்கு. அவங்க முன்னாடி போஜலி போஜலின்னு கூப்பிடாத. எனக்கு இப்ப வேற ஆளுங்க இருக்காங்க. விட்டுடேன்.”

அடித்திருந்தால்கூடத் திருப்பி அடித்திருக்கலாம். துலேஸ்வரி கையிலிருந்த முளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

செய்தி அதற்குள் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. எங்கள் ஊரில் எல்லா வழக்கையும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்பவள் புனியா பெரியம்மா. மறுநாள் காலை இரண்டு வீட்டாரையும் குளத்தங்கரைக்கு வரச்சொன்னாள்.

“பேரு சொன்னவ தேங்காய் குடுத்து, கால்ல விழுந்து, திரும்ப முளை வைக்கணும்” என்றாள். “ஒருத்தி சொன்னா ஒட்ட வெச்சுடலாம். ரெண்டு பேருமே சொல்லிட்டா அத்தோட அறுந்துச்சு. அப்புறம் எந்தச் சாமியாலயும் முடியாது.”

கேமினின் அம்மா ஒரு தேங்காயை மகளின் கையில் திணித்தாள். மகளின் பிடரியில் கை வைத்து முன்னால் தள்ளினாள். கேமின் அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. விடுதிப் பெண்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்கள் சிரிக்கவில்லை.

“குடுடீ” என்றாள் அம்மா. “இல்லேன்னா ராய்ப்பூரும் வேணாம், ஒண்ணும் வேணாம். மாடு மேய்ச்சுக்கிட்டு இங்கயே கிட.”

கேமின் தேங்காயை நீட்டினாள். அவள் கண் தரையிலேயே இருந்தது.

துலேஸ்வரிக்கு அந்தத் தேங்காய் வேண்டும். ஒட்டவைக்க வழி உண்டா என்றுதான் ராத்திரி முழுக்க நினைத்துக் கிடந்தாள். கையை நீட்டி வாங்கினால் போதும். போஜலி திரும்பக் கிடைத்துவிடுவாள். வருஷா வருஷம் வந்து, இதே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு, காதைக் காட்டுவாள்.

அவள் கையை நீட்டவில்லை.

“கேமின்” என்றாள்.

இரண்டு வருஷமாகச் சொல்லாத பெயர். குரல் கொஞ்சம் கரகரத்தது. அதனால் இன்னொரு முறை தெளிவாகச் சொன்னாள்.

“கேமின், தேங்காய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. நானும் சொல்லிட்டேன். இப்ப யாரும் யாருக்கும் எதுவும் குடுக்க வேணாம்.”

கேமின் நிமிர்ந்து பார்த்தாள். யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது அவள் முகம். அந்தப் பெயரை ஊரே தினமும் கூப்பிடும். இந்த ஒரு வாயிலிருந்து மட்டும் அது இத்தனை நாள் வந்ததில்லை.

புனியா பெரியம்மாவுக்கு வாய் அடைத்துப் போயிற்று. எங்களுக்குத் தெரிந்து அது ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. கடைசியில், அப்படியானால் தேங்காயை யார் உடைப்பது என்று மட்டும் கேட்டாள்.

கேமினின் அம்மா, அவளுடைய பூவம்மா, தலைமுந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். இனி அவள் பூவம்மா இல்லை. இதையும் சேர்த்துத்தான் இழக்கப் போகிறோம் என்று துலேஸ்வரி யோசித்திருக்கவில்லை. அதற்குத்தான் அவளுக்கு முதலில் அழுகை வந்தது.

மதியப் பேருந்தில் மூன்று பெண்களும் போனார்கள். துலேஸ்வரி அந்தப் பக்கமே போகவில்லை.

அதன்பிறகு நாட்கள் மோசமாகத்தான் இருந்தன. பள்ளியில் சிலர் அவளைத் தேங்காய் என்று கூப்பிட்டார்கள். ஏதாவது வேடிக்கை நடந்தால் சொல்வதற்குப் பக்கத்தில் திரும்புவாள். அங்கே பைதான் இருக்கும். அவள் அம்மா பழைய சோற்றில் வெங்காயம் நறுக்கிப் போட்டுத் தட்டை அவள் முன்னால் தள்ளிவைப்பாள். சில நாள் அவள் தின்பாள், சில நாள் தின்ன மாட்டாள்.

புரட்டாசியில் ஒரு நாள் கொல்லைக் கொய்யா மரம் ஆடியது. மேலே பக்கத்து வீட்டுக் குட்டிப்பெண் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. கேமின் என்பது அவளுடைய பெயரும்தான். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு கேமின் உண்டு. தோழியின் பெயர் யாருக்கு இருந்தாலும் அதைச் சொல்லக் கூடாது என்பதால், துலேஸ்வரி அந்தப் பிள்ளையை அதுவரை “ஏய் வாலு” என்றே கூப்பிட்டு வந்தாள்.

இப்போதும் வாய் அப்படித்தான் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

“கேமின்” என்றாள். “கிளை முறியும். கீழ இறங்கு.”

குட்டி கிளையிலிருந்தபடியே அவளை உற்றுப் பார்த்தாள்.

“அக்கா, எம்பேரு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நீ மக்குன்னுல்ல நெனச்சேன். ஒரு பேருகூட ஞாபகம் இருக்காதுன்னு.”

“இறங்குடி.”

கேமின் சறுக்கிக்கொண்டு இறங்கினாள். மடியில் இரண்டு கொய்யா. இரண்டையும் கடித்துப் பார்த்தாள். பழமாக இருந்ததைத் தான் வைத்துக்கொண்டு, காயை நீட்டினாள்.

துலேஸ்வரி அதை வாங்கி, அவள் கடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே கடித்தாள்.