பேர் கொடுத்தவர்

ரங்கூனுக்கு வடக்கே மாவ்பி ஊரைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஸமீரா, கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"பாய், கொஞ்சம் தண்ணி."

முன்சீட்டில் அவள் அம்மா லத்தீபா சிரித்துவிட்டாள். "கேட்டீங்களா? உங்க மகளுக்குத் தமிழ் வருது!"

வண்டி ஓட்டிய பர்கத்துல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வயது மகளுக்கு வாயைத் திறந்தால் பர்மியப் பேச்சுதான். தமிழில் அவள் சொல்லும் ஒரே வார்த்தை 'அத்தா'. பெற்றவனை எந்தப் பிள்ளை பாய் என்று கூப்பிடும்? அப்படிக் கூப்பிட்டு அவரிடம் தண்ணீர் கேட்டவன் ஒருத்தன்தான்.

அது 1996 ஏப்ரல். பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் திருவிழாவில் ரங்கூன் தெருவெல்லாம் ஆளுக்கு ஆள் தண்ணீர் ஊற்றிக் கூத்தடித்துக்கொண்டிருந்தது. அதற்குத் தப்பி, பெகு மலைக்காட்டில் நாலு நாள் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று பிக்கப்பில் கிளம்பியிருந்தார்கள்.

ரங்கூனின் லான்மடா பகுதியில் அவருடைய துணிக்கடைக்கு எதிரே குடியிருந்தவன் இராமையா, துறைமுகக் கூலி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், எல்லைச் சண்டைக்குச் சுமை தூக்கத் தெருவுக்கு ஒரு ஆள் கேட்டுப் பட்டாளத்தார் வந்தார்கள். பட்டியலில் இருந்தது பர்கத்துல்லாவின் பேர். "எனக்குப் பதிலா இராமையாவை எழுதிக்குங்க" என்றார். லாரி கடைவாசலில் நின்றது. கம்பிக்கு நடுவே முகத்தை வைத்து இராமையா தண்ணீர் கேட்டான். அவர் ஷட்டரை இழுத்து மூடினார். போனவன் திரும்பவில்லை. லத்தீபாவுக்குக்கூட இது தெரியாது.

வறண்ட ஓடைக்கரையில் கூடாரம் அடித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. இலை உதிர்ந்து நின்ற தேக்குகளுக்கு இடையே சில்வண்டுகள் காதைத் துளைத்தன. சூடு ஆறாத மண்ணின் வாசனையோடு, எங்கிருந்தோ பல நாள் குளிக்காத மனிதர்களின் வியர்வை நெடி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டது. தண்ணீர் கேனை எடுத்தார். காலி. காலையில் நிரப்பிய மூன்று கேனும் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தன.

"ஊத்து இருக்கான்னு பாத்துட்டு வரேன். வண்டி ஓடணும்ல."

"போகாதீங்க," லத்தீபா அவர் கையைப் பிடித்தாள். "காட்டுக்குள்ள யாரோ நடக்குறாங்க. நிறைய பேரு."

"தேக்கிலை சத்தம்."

ஓடையோரமாகக் கொஞ்ச தூரம் போனதும் சில்வண்டுகள் ஒரேயடியாக நின்றன. காலடிச் சத்தம் இப்போது அவருக்கும் கேட்டது. மெதுவாக. ஒரே தாளத்தில். மூங்கில் கூடை கிறீச்சிடும் ஓசை.

ஓடை மணலில் வரிசையாக வந்தார்கள். முதுகில் கூடை. நெற்றியில் கூடையைத் தாங்கும் வார். இடுப்பைச் சேர்த்துக் கட்டிய கயிறு. உதடுகள் வெடித்துக் கறுத்திருந்தன. ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

கடைசிக்கு முந்தைய ஆள் லத்தீபா.

கடைசி ஆள் ஸமீரா.

"மகளே!" கத்தினார். அவள் கண் அவர்மேல் பட்டது. மரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக் கடந்துபோனாள். பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். கை காற்றைப் பிடித்தது.

வரிசைக்குப் பின்னால் இராமையா வந்தான். அவன் முதுகில் எதுவும் இல்லை.

"இராமையா, என்னை எடுத்துக்க. அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு?"

"நானும் அதைத்தான் நினைச்சேன் பாய், வழி பூரா." அவன் குரலில் கோபமே இல்லை. "உங்க பேரைத்தான் கேட்டாங்க. நான்தான் இவங்க பேரைக் கொடுத்தேன்."

அவர் பின்னால் ஓடினார். எவ்வளவு ஓடியும் வரிசை இருபதடி முன்னால்தான் போனது. ஸமீராவுக்குக் கால் இடறியது. கூடை சரிந்தது.

இராமையா குனிந்தான். அவள் நெற்றி வாரைப் பதமாக நேராக்கி, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினான்.